நட்டத்திலும் பங்கு

என் கையில் கிடந்த தங்கக் காப்பு இரண்டும் என்னுடையவை. கையில் கிடந்தால் சொந்தம்தானே, இதில் என்ன பெருமை என்று யாராவது கேட்கலாம். எங்கள் பேட்டையில் எத்தனை பெண்களின் கையில் கிடப்பது அவர்களுக்குச் சொந்தம் என்று விசாரித்துவிட்டு வந்து அதைக் கேட்கட்டும். மாமியார் போட்டுவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வது, நாத்தனார் கல்யாணத்துக்குக் கழற்றிக் கொடுப்பது, அடகுக் கடையிலிருந்து விசேஷத்துக்கு மட்டும் வீட்டுக்கு வந்து போவது என்று இங்கே தங்கத்துக்கு ஓய்வே கிடையாது. என்னுடையது மஹர். நிக்காஹ் அன்று சபையில் சாட்சி வைத்து என் மாப்பிள்ளை எனக்குக் கொடுத்தது. கொடுத்துவிட்ட பிறகு அதைத் தொட அவருக்கே உரிமை இல்லை.

அவர் பெயர் அசன் முகம்மது. தறிக்காரர். பேட்டை சுதேச நெசவுக் கம்பெனியில் அவர் கை பட்ட துண்டுக்குக் கடையில் தனி மதிப்பு உண்டு. முன்பெல்லாம் வீட்டிலேயே தறி போட்டு, நூல் கொடுக்கிற வியாபாரிக்கு நெய்து கொடுத்துக்கொண்டிருந்தார். சுதேசி, சுதேசி என்று ஊரெல்லாம் பேச்சாகக் கிடந்த காலத்தில், திருநெல்வேலி டவுனிலிருந்து தில்லைநாயகம் பிள்ளை என்பவர் கல்லிடைக்குறிச்சி வயலை விற்றுப் பேட்டையில் ஒரு நீளமான கொட்டகை கட்டினார். கயிற்றை இழுத்தால் நூல் கொண்டுபோகிற நாடா தானாக ஓடுகிற புதுத் தறிகளை வரிசையாகப் போட்டார். முதல் நாளே போய்ச் சேர்ந்தவர்களில் என் மாப்பிள்ளையும் ஒருவர். குறுக்கே ஓடுகிற ஊடை நூலுக்கு வேண்டிய தாரை நான் வீட்டிலிருந்து சுற்றிக் கொடுப்பேன். தார் என்றால் நாடாவுக்குள் வைக்கிற சின்ன நூல்கட்டை. அதற்குண்டான கூலி அவர் கூலியோடு சேர்ந்து வரும்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அவருக்குக் கோபம் என்றால் என்னவென்றே தெரியாது. அந்த விதத்தில் நாங்கள் பொருத்தமான ஜோடிதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷம், ஒரு சம்பள நாள். வீட்டுக்கு வந்தவர் கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். குழம்பில் அன்றைக்கு உப்புப் போட மறந்திருந்தேன். அவர் அதைச் சொல்லவே இல்லை. ஒரு வாய் வைப்பதும், என் கையைப் பார்ப்பதும், மறுபடி தட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன்.

“என்ன மச்சான், என் கையில என்ன எழுதியா வச்சிருக்கு?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல ளா,” என்றார். பிறகு அந்த ஒன்றுமில்லாததைச் சொல்லி முடிக்க வெகு நேரம் ஆயிற்று.

கம்பெனியைச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து வைத்திருக்கிறார்களாம். வாங்குகிறவர் அந்த அளவுக்கு அதில் சொந்தக்காரராம். இதுவரை டவுன் வக்கீல்மாரும் நிலக்காரர்களும்தான் வாங்கியிருந்தார்களாம். இப்போது கொட்டகையில் வேலை செய்கிறவர்களும் வாங்கலாம் என்று பிள்ளை அறிவித்திருக்கிறார். கூலியில் மாதாமாதம் பிடித்துக்கொள்ளலாம், கையில் இருப்பவர்கள் மொத்தமாகவும் போடலாம். இதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது. அவருடைய வாப்பாவும், அந்த வாப்பாவின் வாப்பாவும் யாருடைய நூலையோ யாருக்காகவோ நெய்தவர்கள்.

“நாம நெய்யுத தறியில நமக்கும் பங்குங்காவ, மஹ்மூதா,” என்றார்.

அந்த மனுஷர் காப்பைக் கேட்கவில்லை. கேட்க மாட்டார். அதுதான் எனக்கு ஆத்திரம். ஆசையை வாய்விட்டுச் சொன்னால் தரவா போகிறேன், தராமலா போகிறேன் என்று பார்க்கலாம். இப்படிக் கண்ணாலேயே கெஞ்சினால் ஒருத்தி என்னதான் செய்வாள். உண்மையில் எனக்கும் ஆசை வந்துவிட்டது. என் மாப்பிள்ளை உட்காருகிற தறியில் ஒரு மரத்துண்டாவது எங்களுடையது என்று நினைக்கவே நன்றாக இருந்தது.

“போட்டா என்ன தருவாவளாம்?” என்று கேட்டேன்.

வேலைக்காரர்களுக்கு மட்டும் பிள்ளை ஒரு சலுகை வைத்திருந்தார். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் வருஷத்துக்கு நூற்றுக்கு ஆறு உறுதி. கம்பெனியே கவிழ்ந்தாலும் போட்ட முதல் அப்படியே திரும்ப வரும், அதற்கு அவரே பொறுப்பு. ஏழைகள் பயந்துவிடக் கூடாது என்று அவராகவே யோசித்துச் செய்ததாம். இதைச் சொல்லும்போது என் மாப்பிள்ளைக்குப் பிள்ளையின் நல்ல மனசை நினைத்துக் கண்ணே கலங்கிற்று.

“அது பங்கு இல்ல மச்சான். வட்டி,” என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே இருந்தார். சந்தோஷத்தில் அவருக்கு அது தோன்றவே இல்லை. தோன்றிய பிறகு என்ன செய்வார், பாவம். கொஞ்ச நேரம் கழித்து, குழம்பில் உப்பு இல்லை என்றார்.

இது எங்கள் வீட்டு யோசனை மட்டும் இல்லை. தெருவில் தறிக்காரர் வீடு ஒவ்வொன்றிலும் அதே பேச்சுத்தான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் நாலைந்து பேர் சேர்ந்து மார்க்கம் படித்த ஆலிம்சாவிடம் போய்க் கேட்டார்கள். கிடைக்கிற தொகை முன்கூட்டியே நிச்சயம் செய்ததா என்று அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். ஆமாம் என்றார்களாம். அப்படியானால் இதைக் கேட்கவா வந்தீர்கள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாராம்.

அதோடு எங்கள் ஆட்கள் யாரும் சேரவில்லை. சேரவில்லை என்பது பெரிதில்லை. ஏன் சேரவில்லை என்று பிள்ளையிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. அன்போடு ஒருவர் நீட்டுகிற பணத்தை, இது எங்களுக்கு ஆகாத பணம் என்று அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? எங்கள் ஆண்களுக்கு மரியாதை அதிகம். அதனால் ஒவ்வொருவரும் ஒரு சாக்குச் சொன்னார்கள். ஒருவர் கூரை மாற்ற வேண்டும் என்றார். ஒருவர் மகள் கல்யாணம் என்றார், அந்த மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். என் மாப்பிள்ளை, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

அதைப் பார்த்து மற்றவர்களுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. நீள இழையான பாவைத் தறியில் பூட்டுகிற ஐயம்பெருமாள் கெட்டிக்காரர். சாயபுமார் எல்லாரும் ஒன்றுபோல விலகுகிறார்கள் என்றால் இதில் என்னமோ ஓட்டை இருக்கிறது என்று முடிவுகட்டி, கொடுத்திருந்த பெயரை அவரும் திரும்ப எடுத்துக்கொண்டார். அவரைப் பார்த்து அவர் பக்கத்து ஆட்களும் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் கொட்டகையில் ஒரு ஆள் மிச்சமில்லை.

பிள்ளைக்கு மனசு உடைந்துவிட்டது. வயலை விற்றவர், ஊரார் பணத்தை விழுங்கவா போகிறேன், நான் என்ன திருடனா என்று கொட்டகையின் நடுவில் நின்று சத்தம் போட்டாராம். தறியெல்லாம் நின்றுவிட்டதாம். அன்று வீட்டுக்கு வந்த என் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. நல்ல மனுஷனைத் திருடனாக்கிவிட்டோமே என்று புலம்பினார். போய்ச் சொல்லிவிடுங்களேன் என்றேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றார். அந்த நாளை வருவதற்குள் பிள்ளை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று இவர் சொன்னாரல்லவா? பிள்ளை அதை அப்படியே எடுத்துக்கொண்டார். வீடுதான் தடை என்றால் வீட்டையே கேட்டுவிடலாம் என்று, ஒரு சாயங்காலம் வில்வண்டியை எங்கள் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினார். தெரு முழுக்கக் கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றது. அடுத்த வீட்டு அக்கா, ஜனாபா லாத்தா, நாற்காலி கொடுத்து உதவினாள். ஊர்ச் செய்தியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள், சும்மா கொடுப்பாளா? நாற்காலியோடு அவளும் வந்து எங்கள் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

பிள்ளை சைவர். எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார் என்று தெரியும். என் மாப்பிள்ளை ஓடிப்போய் இளநீர் வாங்கிவந்து அவர் கண் முன்னாலேயே சீவிக் கொடுத்தார். நான் இரட்டைக் கதவில் ஒன்றைச் சாத்தி அதன் பின்னால் நின்றேன்.

“அசன் சாயபு, நம்ம கம்பெனியிலயே நீரு நல்ல கைகாரரு,” என்று பிள்ளை தொடங்கினார். “நீரு சேந்தா மத்தவங்களும் சேருவாங்க. வீட்ல கேக்கணும்னீரு. கேக்கலாம்னு நானே வந்துட்டேன்.”

என் மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. பிள்ளை கதவுப் பக்கம் திரும்பி, என்னைப் பாராமல், கதவைப் பார்த்துப் பேசினார்.

“தங்கச்சி, உங்க பணத்துல ஒரு சல்லி போகாது. வயலை வித்து இதுல போட்டிருக்கவன் சொல்லுதேன். கம்பெனியே முங்கினாலும் உங்க முதல நான் தாரேன். இதுக்கு மேல நான் என்ன செய்யணும்?”

“அதைத்தான் மொதலாளி வேண்டாங்குதோம்,” என்றேன்.

“எதை?”

“முங்கினாலும் தாரேங்குதியள்லா, அதை.”

அவருக்குப் புரியவில்லை. என் மாப்பிள்ளை கதவைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். எனக்கு வாயைத் திறந்துவிட்டால் பாதியில் மூடத் தெரியாது. லாபமோ நட்டமோ தெரியாமல், இவ்வளவு என்று நிச்சயம் செய்து வாங்கினால் எங்களுக்கு அது வட்டி, எங்களுக்கு விலக்கப்பட்டது என்று எடுத்துச் சொன்னேன். சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை.

“நீங்க சைவம்,” என்றேன். “நாங்க பிரியமா உங்க இலையில மீன் கொழம்ப ஊத்துனா சாப்பிடுவியளா?”

அடுப்படியில் ஜனாபா லாத்தா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிள்ளை இளநீரைக் கீழே வைத்தார். பிறகு என் மாப்பிள்ளையைப் பார்த்து, இதை ஏன் வே இத்தனை நாளாக ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். நல்லது என்று நினைத்து நீங்கள் செய்ததை ஆகாது என்று எப்படி மொதலாளி சொல்வது என்று இவர் முணுமுணுத்தார். பிள்ளை மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா வருத்தப்படுகிறாரா என்று எனக்குக் கதவிடுக்கில் சரியாகத் தெரியவில்லை.

“சரி தங்கச்சி. அப்ப நான் எப்படிச் செய்தா உங்களுக்கு ஆகும்?”

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. தார் சுற்றும்போது கைக்குத்தான் வேலை, மனசு சும்மா கிடக்கும். அத்தனை நாளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாப்பா திசையன்விளையில் கருப்பட்டி வியாபாரம் செய்தவர். பணம் வாப்பாவுடையது, பனங்காட்டில் அலைகிற பாடு கூட்டாளியுடையது. பதநீர் பெருகின வருஷம் லாபத்தைப் பிரித்துக்கொள்வார்கள். பொய்த்த வருஷம் வாப்பா பணத்தை இழப்பார், கூட்டாளி பட்ட பாட்டை இழப்பார். அந்த வருஷங்களில் வீட்டில் கஞ்சிதான். ஆனால் வாப்பா தலைநிமிர்ந்துதான் நடப்பார். கூட்டு என்றால் இதுதான் என்று நான் கண்ணால் பார்த்து வளர்ந்தவள். அதைப் பிள்ளையிடம் சொன்னேன்.

“நட்டத்துலயும் எங்களுக்குப் பங்கு குடுங்க. டவுன் வக்கீலுக்கு என்ன பங்கோ, அதே பங்கு. கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்.”

“போட்டது போயிட்டுன்னா?”

“போனா போகட்டும். தனியாவா போவுது? உங்க வயலும் கூடத்தான போவுது.”

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. நாளைக்கு என் மாப்பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் எனக்கும் என் மகள் சபீதாவுக்கும் இந்தக் காப்பைத் தவிர வேறு கதி இல்லை. கதவைப் பிடித்திருந்த கையில் காப்பு கதவில் பட்டு டக்கென்று சத்தம் போட்டது. பிள்ளைக்கும் அது கேட்டிருக்கும்.

அவர் யோசித்து யோசித்துப் பேசினார். “தங்கச்சி, நட்டம் உங்களுதுன்னு ஆயிட்டா, கூட்டத்துல வந்து உக்காந்து என்னையக் கணக்குக் கேக்கவும் உங்களுக்கு உரிமை வந்துரும். அது தெரியுமா?”

சொன்ன பிறகுதான் அதன் கனம் அவருக்கே உறைத்ததுபோலத் தெரிந்தது. உதவி செய்ய வந்த இடத்தில் கேள்வி கேட்கிற ஆட்களை உண்டாக்கிக்கொள்கிறோமே என்று அவர் முகம் மாறிற்று.

“தெரியாது மொதலாளி. இப்ப நீங்க சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன். அதுவும் வேணும்,” என்றேன்.

பிள்ளை சிரித்துவிட்டார். வேறு ஏதாவது பாக்கி உண்டா என்று கேட்டார். ஒன்று உண்டு என்றேன். விற்றுப் போடப்போகிற காப்பு என்னுடையது, அதனால் பங்கும் என் பெயரில்தான் இருக்க வேண்டும். அதற்கு அவர், இந்த ஏற்பாடு கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தானே என்று இழுத்தார்.

அன்றைக்குச் சுற்றி வைத்திருந்த தார்க்கூடையை எடுத்துக் கதவுக்கு வெளியே தள்ளினேன். அது அவர் காலடி வரை போய் நின்றது.

“இத யாரு சுத்துதான்னு நெனச்சிய?” என்று கேட்டேன்.

பிள்ளை குனிந்து ஒரு கட்டையை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு வருஷமாக அவர் கம்பெனித் தறியில் ஓடுகிற நூல்தான், ஆனால் ஒரு பெண்ணின் கை அதில் இருக்கிறது என்று அவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். மற்றவர்களைக் கலந்து சொல்கிறேன் என்று கட்டையைக் கூடையிலேயே வைத்துவிட்டு, மிச்ச இளநீரையும் குடித்துவிட்டு எழுந்தார்.

வண்டிச் சத்தம் தேயும் வரை என் மாப்பிள்ளை அசையவில்லை. பிறகு, வேலையே போய்விட்டது என்று நினைத்தேன் என்றார். அதன் பிறகு, மீன் குழம்பை நினைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கியவர், தூங்கும் வரை சிரித்தார்.

டவுனில் வக்கீல்மார் சிலர் குதித்தார்களாம். தார் சுற்றுகிறவளும் நெய்கிறவனும் நம்மைக் கணக்குக் கேட்பதா என்றார்களாம். பிள்ளை அவர்களோடு மல்லுக்கட்டி ஒரு வழியாக ஒப்ப வைத்தார். மறு சம்பள நாளில் கொட்டகையில் அவரே நின்று அறிவித்தார். உறுதித் தொகை வேண்டுகிறவர்கள் பழைய மாதிரியே சேரலாம். வேண்டாதவர்கள் முழுப் பங்கு எடுக்கலாம், லாபமும் நட்டமும் எல்லாரையும் போல. எங்கள் ஆட்கள் ஒருத்தர் விடாமல் முழுப் பங்குக்குக் கை தூக்கினார்கள். ஐயம்பெருமாளுக்கு உறுதித் தொகை வாங்க எந்தத் தடையும் இல்லை. அவர் எழுந்து நின்று, “சாயபுமாருக்கு உள்ளதே எனக்கும் போதும். நான் மட்டும் என்ன எளப்பமா?” என்று கேட்டாராம். அவர் பக்கத்து ஆட்களும் அப்படியே எழுதச் சொன்னார்களாம்.

நான் காப்பைக் கழற்ற உட்கார்ந்தேன். கல்யாணத்தில் போட்டது, கழற்றியதே இல்லை. எண்ணெய் தடவி, சோப்புத் தடவி, ஜனாபா லாத்தா ஒரு பக்கம் இழுக்க, கையெல்லாம் கன்றிப்போன பிறகுதான் வந்தது. இரண்டு மணிக்கட்டிலும் வெளிறிய வளையம் ஒன்று நின்றது. லாத்தா அதைத் தடவிப் பார்த்து, நல்லா யோசிச்சியா என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு காப்பை என் மாப்பிள்ளை கையில் கொடுத்து, டவுன் ஆசாரியிடம் விலை குறையாமல் கேட்கச் சொல்லி அனுப்பினேன்.

பங்குப் பத்திரம் வந்தது. மஹ்மூதா பீவி, தார் சுற்றுபவர் என்று அதில் எழுதியிருந்ததாம். எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. மாப்பிள்ளையைப் படிக்கச் சொன்னேன். சரியாகக் காதில் விழவில்லை என்று இன்னொரு முறையும் படிக்கச் சொன்னேன். அந்த மாதத்திலிருந்து தார்க்கூலி என் பெயரில் தனியாக வந்தது.

இத்தோடு கதை சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. வந்தே மாதரம் என்று தொண்டை கிழியக் கத்தி எங்கள் துண்டை வாங்கியவர்கள், சத்தம் அடங்கியதும் பைய சீமைத் துணிக்கே திரும்பிவிட்டார்கள். அது மெல்லிசாம், விலையும் மலிவாம். நூல் விலை வேறு ஏறிக்கொண்டே போனது. கொட்டகையில் துணி மலைபோலத் தேங்கிக் கிடந்தது. வருஷ முடிவில் நட்டம் என்று தெரிந்துவிட்டது. ஜனாபா லாத்தா என் கையைப் பார்க்கும்போதெல்லாம் உச்சுக் கொட்டினாள். ஒரு கல்யாண வீட்டில், எல்லாரும் கேட்கும்படி, மஹ்மூதாவின் காப்பு கம்பெனியோடு போய்விட்டது என்றாள். நான் கண்ணாடி வளையலைக் குலுக்கிக்கொண்டு அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்தேன். திரும்பியிருந்தால் அந்தக் கல்யாணம் நல்லபடியாக நடந்திருக்காது.

கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால், கம்பெனி கணக்குப்பிள்ளை வேதநாயகம் எங்கள் வாசலில் வந்து நின்றார். தில்லைநாயகம் பிள்ளை கொடுத்தனுப்பினார் என்று ஒரு சின்ன முடிச்சை என் மாப்பிள்ளையிடம் நீட்டினார். நூற்றுக்கு ஆறு. கம்பெனிப் பணம் இல்லையாம், பிள்ளையின் சொந்தப் பணமாம். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாராம். காப்புச் சத்தம் அவர் காதை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்துகொண்டிருந்தது. சபீதாவுக்கு நல்ல பாவாடை ஒன்று இல்லை. அரிசிப் பானையில் கையை விட்டால் அடி தட்டிற்று. கதவுக்குப் பின்னால் நின்றபடி அந்த முடிச்சைப் பார்த்தேன். கையை நீட்டத்தான் போனேன், அதை மறைக்க மாட்டேன். என் மாப்பிள்ளை முடிச்சை வாங்காமல் கதவைப் பார்த்தார். வாங்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. பணம் என்னுடையது என்பதில் அந்த மனுஷர் கடைசி வரை ஒரே மாதிரி இருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

“கணக்குப்பிள்ளை, அதத் திருப்பிக் கொண்டு போங்க,” என்றேன். “நட்டத்துல என் பங்கு என்னுதுதான். அத யாரும் எனக்குப் பதிலாச் சொமக்க வேண்டாம். லாபம் வந்தா அன்னைக்குக் கொண்டாங்க, கைநீட்டி வாங்குதேன்.”

வேதநாயகம் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் கஞ்சி குடித்தோம். அன்றைய கஞ்சிக்கு உப்பு சரியாக இருந்தது.

கூட்டம் கொட்டகையிலேயே நடந்தது. வக்கீல்மார் ஒரு பெஞ்சில், எங்கள் ஆட்கள் எதிர் பெஞ்சில். என் மாப்பிள்ளை வெளுத்த வேட்டியும் தொப்பியுமாகப் போய் எனக்காகவும் உட்கார்ந்தார். அங்கே நடந்ததை அவர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். நட்டக் கணக்கைப் படித்து முடித்ததும், டவுன் வக்கீல் ஒருவர் எழுந்து, இருப்பதை விற்றுப் பிரித்துக்கொண்டு கொட்டகையை மூடிவிடலாம் என்றாராம். இன்னும் சிலரும் ஆமாம் போட்டார்களாம். என் மாப்பிள்ளைக்கு உயிரே போய்விட்டதாம். அப்போது தில்லைநாயகம் பிள்ளை எழுந்து பேசினாராம்.

“வே, இந்தப் பேட்டையில தார் சுத்துத ஒரு பொம்பளை, கையில கெடந்த காப்பக் கழத்தி இதுல போட்டிருக்கா. நட்டம்னு தெரிஞ்சும், நான் ஒளிச்சுக் குடுத்தனுப்புன பணத்தத் திருப்பி அனுப்பிட்டா. என் பங்கு நட்டத்த நானே சொமப்பேன்னுட்டா. நெலமும் வீடும் வச்சிருக்க நாம எந்திரிச்சு ஓடணுங்கீரு?”

யாரும் எழுந்து ஓடவில்லை. இன்னும் ஒரு வருஷம் பார்ப்பது என்று முடிவாயிற்று. துண்டோடு நிற்காமல், எங்கள் பெண்கள் கட்டுகிற கைலியும் நெய்து திசையன்விளைச் சந்தைக்கும் கரையோர ஊர்களுக்கும் அனுப்பிப் பார்க்கலாம் என்று ஐயம்பெருமாள் எழுந்து சொன்னாராம்.

பிள்ளை பேசியதை என் மாப்பிள்ளை எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அடுப்பில் கவனமாக இருப்பதுபோல ஒவ்வொரு தடவையும், என்ன, என்ன சொன்னாவ என்று கேட்டேன். அவருக்கும் அது தெரியும். முதலிலிருந்து மறுபடி சொல்வார். என் வாப்பா இருந்திருந்தால் அவருக்கும் ஒரு தடவை சொல்ல வைத்திருப்பேன்.

கைலி ஓடியது. லாபம் என்று பெரிதாக இல்லை, நட்டம் என்றும் இல்லை. தறி மட்டும் நிற்கவில்லை.

அந்த வருஷமே இன்னொரு கல்யாணம் வந்தது. ஜனாபா லாத்தாவும் வந்திருந்தாள். பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, என் கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டி, “காப்பு எங்க ளா?” என்று தெரியாதவள் மாதிரி கேட்டாள். கல்யாண வீடு கொட்டகைக்கு அடுத்த தெரு. சுவருக்கு அந்தப் பக்கம் தறிகளெல்லாம் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன.

“கேக்குதா லாத்தா?” என்றேன். “அங்கன கெடக்கு. ஓடிக்கிட்டிருக்கு.”

எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். லாத்தாவும் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து என் காதருகே குனிந்து, தனக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்குமா என்று மெதுவாக விசாரித்தாள்.

“கெடைக்கும்,” என்றேன். “நட்டம் வந்தா தாங்குவியளா?”